ஒரே ஆள், இரண்டு ரெஸ்யூம்: பினாங்குத் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

ஒரு காலியிடத்துக்கு ஒரே ஆளின் ரெஸ்யூம் இரண்டு வேலைவாய்ப்பு ஏஜென்சிகளிடமிருந்து வந்துவிட்டால், உங்களில் பலர் இரண்டையும் ஓரமாக வைத்துவிடுகிறீர்கள். நாளைக்கு ஏஜென்சிகளுக்குள் கமிஷன் சண்டை வரும், அதில் நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. கணக்கு புரிகிறது. ஆனால் அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் நேர்முக வாய்ப்பு பறிபோகிறது. ஏன் பறிபோனது என்று கடைசிவரை யாரும் அவரிடம் சொல்வதில்லை. ஏஜென்சியைக் கேட்டால், “ப்ரொஃபைல் சூட் ஆகலையாம்” என்று ஒரு வரி வாட்ஸ்அப் வரும்.

இதை எழுதுகிற எங்களில் சிலர் ஏஜென்சி மேசையில் இருந்தவர்கள், சிலர் உங்கள் மேசையில் இருந்தவர்கள். நாங்கள் கேட்பது இதுதான். வேலை தேடுபவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வரும் ரெஸ்யூமை எந்த ஏஜென்சியிடமிருந்தும் வாங்காதீர்கள். அப்படியும் இரட்டையாக வந்துவிட்டால், அந்த ஆளையே கேட்டு முடிவு செய்யுங்கள். கட்டணம் கட்டுவது நீங்கள், அதனால் விதி போடவும் உங்களால்தான் முடியும்.

இரட்டை எப்படி உண்டாகிறது? உங்கள் லைன் மேனேஜர் டெஸ்ட் எஞ்சினியர் ஒருவர் வேண்டும் என்கிறார். ஹெட்கவுன்ட் ஒப்புதல் (ஆள் எடுக்க நிர்வாக அனுமதி) வந்ததும் வேலை விவரத்தை நான்கைந்து ஏஜென்சிகளுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். ஆள் சேர்ந்தால்தான் காசு என்ற ஏற்பாடு. ஆண்டுச் சம்பளம் 60,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), கட்டணம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 12,000 வெள்ளி. அந்தத் தொகை முழுவதும் ஒரே ஏஜென்சிக்குத்தான் போகும், மற்ற நால்வருக்கும் செய்த வேலைக்குக் கூலி இல்லை. ஆகவே மின்னஞ்சல் வந்த நிமிடத்திலிருந்து ஓட்டம்தான்.

ஐந்து பேரும் ஜாப்ஸ்ட்ரீட்டிலும் லிங்க்ட்இன்னிலும் ஐந்து விதமாக விளம்பரம் போடுகிறார்கள். யாரும் உங்கள் பெயரைப் போடுவதில்லை. “பாயான் லெப்பாஸில் முன்னணி அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனம்” என்று மட்டும் இருக்கும். 1972இல் தொழில் வட்டாரம் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் அப்படி ஒரு நிறுவனத்தின் கூரையில்தான் விழும். ஒரு ஏஜென்சி பதவியை ‘டெஸ்ட் எஞ்சினியர்’ என்கிறது, இன்னொன்று ‘புரொடக்ட் எஞ்சினியர், பேக்-எண்ட்’ என்கிறது. வேலை தேடுபவர் இரண்டு பேரிடமும் சரி என்கிறார். அவரைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு வேலைகள். உங்கள் கணினியில் ஒரே காலியிடத்தில் அவர் பெயர் இரண்டு முறை நிற்கிறது.

இன்னொரு வகை இதைவிட மோசம். ஆளிடம் பேசாமலே அனுப்புவது. இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பு வேறு வேலைக்காக வாங்கி வைத்த ரெஸ்யூமை டேட்டாபேஸிலிருந்து உருவி, முதல் ஆளாக உங்களுக்குத் தட்டிவிட்டு, நீங்கள் ஆர்வம் காட்டினால் மட்டும் அவரைக் கூப்பிடுவது. அந்த ஆளுக்கு நடுவில் வேலை மாறியிருக்கும், பதவி உயர்ந்திருக்கும், சம்பளம் ஏறியிருக்கும். சில சமயம் அவர் உங்கள் கூலிம் ஆலையிலேயே ஒப்பந்த ஊழியராக இருப்பார். அவர் வேலை தேடுகிறார் என்ற செய்தி அவருடைய மேனேஜருக்கு உங்கள் மூலமாகவே போய்ச் சேரும். அவர் தேடவே இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வகையில் ஒரு ஏஜென்சிதான் இருக்கும். ஆள் உங்கள் வலைப்பக்கத்தில் நேரடியாக விண்ணப்பித்திருப்பார், அல்லது பெர்கேசோ (சொக்சோ) என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத்தளம் வழியாக வந்திருப்பார், அல்லது உங்கள் ஊழியரே அவரைச் சிபாரிசு செய்து ரெஃபரல் பணத்துக்குக் காத்திருப்பார். பிறகு ஏஜென்சியும் அதே பெயரை அனுப்பும்.

இரட்டை வந்தால் உங்களில் பெரும்பாலோர் பார்ப்பது நேர முத்திரையை. யாருடைய பதிவு முதலில் ஏறியதோ அவருக்கே கட்டணம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசி, வேலையை விளக்கி, ரெஸ்யூமைத் திருத்தி அனுப்பிய ஏஜென்சி மாலை ஐந்து மணிக்கு வந்து சேரும். பேசாமலே உருவி அனுப்பியவர் காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். உங்கள் விதி பரிசு கொடுப்பது இவருக்கு. ஒரு வருடம் இப்படியே போனால், ஒழுங்காக வேலை செய்த ஏஜென்சிகளும் பேசுவதை நிறுத்திவிடும்.

ஆகவே முத்திரை பார்ப்பதானால் சம்மதத்தின் முத்திரையைப் பாருங்கள். இதற்குப் பெரிய படிவம் தேவையில்லை. வேலை தேடுபவர் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஏஜென்சிக்கு அனுப்பும் நான்கு வரி போதும். நிறுவனத்தின் பெயர், பதவியும் காலியிட எண்ணும், அனுப்பலாம் என்ற ஒப்புதல், அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்பது. மலாயோ ஆங்கிலமோ எதில் இருந்தாலும் சாரம் இப்படி இருக்கட்டும்: “இந்த நிறுவனத்தின் இந்தக் காலியிடத்துக்கு மட்டும் என் ரெஸ்யூமை உங்கள் ஏஜென்சி அனுப்பச் சம்மதிக்கிறேன். இன்றிலிருந்து 30 நாள். வேறு காலியிடத்துக்கு மறுபடி என்னைக் கேட்க வேண்டும்.” ஏஜென்சி இதை ரெஸ்யூமோடு சேர்த்து உங்களுக்கு அனுப்ப வேண்டும். சேர்க்காததை ஏற்காதீர்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு போதாது, அதைப் பிறகு தேடி எடுக்க யாராலும் முடியாது.

இது நடக்க வேண்டுமானால் உங்கள் பெயரை வெளியே சொல்ல ஏஜென்சியை அனுமதிக்க வேண்டும். விளம்பரத்தில் போட வேண்டாம். தொலைபேசியில் ஆளிடம் பேசி, தகுதி பார்த்த பிறகு, அனுப்புவதற்கு முன் சொன்னால் போதும். பெயர் தெரியாமல் கொடுக்கிற சம்மதத்தை வைத்து எதையும் தீர்க்க முடியாது. ஆள் நேரடியாக விண்ணப்பித்துவிடுவார் என்று ஏஜென்சிகள் பயப்படும். சம்மதத்தில் தேதி இருக்கிறதே, அதற்குப் பிறகு வந்த நேரடி விண்ணப்பம் அந்த ஏஜென்சியின் கணக்குத்தான் என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

அப்படியும் இரட்டை வந்தால் அன்றைக்கே அந்த ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். “இந்தக் காலியிடத்துக்கு நீங்கள் முதலில் சம்மதம் கொடுத்தது எந்த ஏஜென்சிக்கு? தேதி என்ன?” எழுத்தில் பதில் வந்ததும் விவகாரம் முடிந்தது. அதுவரை நேர்முகத் தேதியை நிறுத்தி வைக்காதீர்கள். கட்டணத் தகராறு உங்களுக்கும் இரண்டு ஏஜென்சிகளுக்கும் உள்ளது. அது ஒரு பக்கம் ஓடட்டும், நேர்முகம் ஒரு பக்கம் நடக்கட்டும்.

சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரட்டை ரெஸ்யூம் வரும்போது ஆளை ‘நம்ப முடியாதவர்’ என்று முத்திரை குத்த வைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். ஒரு ஏஜென்சி இப்போதைய சம்பளம் 5,350 என்று போட்டிருக்கும், இன்னொன்று 4,200 என்று போட்டிருக்கும். எதிர்பார்ப்பும் அதற்கேற்ப விலகும். இருவரும் 20 விழுக்காடு கூட்டிக் கேட்டால் ஒன்று 6,420, மற்றொன்று 5,040. ஆள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பேச்சு பேசுகிறார் என்று நினைக்கிறீர்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அடிப்படைச் சம்பளம் 4,200 வெள்ளி, ஷிஃப்ட் அலவன்ஸ் 600, போக்குவரத்துக்கு 200, ஒப்பந்தத்தில் எழுதிய பதின்மூன்றாம் மாதச் சம்பளம் ஒன்று. அடிப்படையை மட்டும் எடுப்பவருக்கு 4,200. மாதம் கைக்கு வருவதற்கு முந்தைய மொத்தத்தைக் கேட்பவருக்கு 5,000. ஆண்டு முழுவதையும் கூட்டினால் 64,200, பன்னிரண்டால் வகுத்தால் 5,350. பிறகு நீங்கள் சரிபார்க்க இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையைக் கேட்கிறீர்கள். அதில் ஊழியர் பங்கு 528 வெள்ளி என்று இருக்கிறது. 11 விழுக்காட்டால் திருப்பிப் போட்டால் 4,800 வருகிறது. ஷிஃப்ட் அலவன்ஸுக்கு இபிஎஃப் உண்டு, பயணப்படிக்குக் கிடையாது, அதனால் வந்த வித்தியாசம் அது. ஓவர்டைமுக்கும் கிடையாது என்பதால் ஓவர்டைம் வாங்குகிற டெக்னீஷியன்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெருகும். ஒரே ஆளுக்கு நான்கு எண், நான்கும் உண்மை.

உங்கள் சமர்ப்பிப்புப் படிவத்தில் ‘இப்போதைய சம்பளம்’ என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, அடிப்படை, நிரந்தர அலவன்ஸ், ஷிஃப்ட்டும் ஓவர்டைமும், ஒப்பந்த போனஸ் என்று நான்கு கட்டம் போடுங்கள். பாதி சந்தேகம் அங்கேயே தீரும். நோட்டீஸ் காலத்திலும் இதே கதைதான். அவசரத்தில் ஓர் ஏஜென்சி ‘உடனே’ என்று போடும், மற்றது ‘இரண்டு மாதம்’ என்று போடும். வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கேளுங்கள். ஒப்பந்தம் வாய் திறக்கவில்லை என்றால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஆறு வாரம், ஐந்துக்கு மேல் எட்டு வாரம்.

நம் பெயர்களால் வரும் தொல்லையும் உண்டு. குமார் ஏ/எல் (மகன் என்பதன் மலாய்ச் சுருக்கம்) ராமன் என்பவரை ஓர் ஏஜென்சி முதல் பெயர் குமார், கடைசிப் பெயர் ராமன் என்று ஏற்றும். இன்னொன்று கடைசிப் பெயர்க் கட்டத்தில் ‘ஏஎல் ராமன்’ என்று தட்டும், ஏனென்றால் சில மென்பொருள்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. மூன்றாவது ‘ஆர். குமார்’ என்று போடும். கணினிக்கு மூன்று பேர். இரட்டை என்று கண்டுபிடிப்பது இரண்டாம் சுற்று நேர்முகத்தில்தான், அப்போது அவர் வேண்டுமென்றே பெயரை மாற்றி விண்ணப்பித்ததுபோல் தோன்றும். நேர்மாறாகவும் நடக்கும், வேறு வேறு இரண்டு குமார்களை ஒருவர் என்று சேர்த்துவிடுவீர்கள். பெயரை வைத்து ஒப்பிடாமல் கைத்தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வைத்து ஒப்பிடுங்கள். அதற்காக முதல் கட்டத்திலேயே மைகார்டு (அடையாள அட்டை) எண்ணைக் கேட்டுவிடாதீர்கள்.

அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். ரெஸ்யூம் அனுப்பும் கட்டத்திலேயே மைகார்டின் இரண்டு பக்கப் படம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை எல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்கும் ஏஜென்சிகள் இருக்கின்றன. “கிளையன்ட் கேட்கிறார்” என்பார்கள். உண்மையில் கேட்பது நீங்களா? நீங்கள் இல்லை என்றால் அதை ஏஜென்சிகளுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஐந்து ஏஜென்சியோடு பேசுகிற ஒருவரின் அடையாள அட்டை ஐந்து கைத்தொலைபேசிகளில் கிடக்கிறது, அவற்றில் இரண்டு ஏஜென்சி ஊழியர்களின் சொந்தத் தொலைபேசி. அவர்கள் வேலையை விட்டுப் போனால் அந்தப் படங்களும் கூடவே போகும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏஜென்சியை மட்டும் கட்டுப்படுத்துவதல்ல, தரவைப் பெற்று வைத்திருக்கும் உங்களையும் கட்டுப்படுத்தும். கொள்கைகளை மீறினால் அபராத உச்சவரம்பு முன்பு 3 லட்சம் வெள்ளி, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 10 லட்சம். சம்பளச் சீட்டும் இபிஎஃப் அறிக்கையும் ஆஃபர் கட்டத்தில் வாங்கினால் போதும். மைகார்டு நகல் ஆஃபரை ஏற்ற பிறகு.

ஏஜென்சி ஒப்பந்தங்களில் ‘உரிமைக் காலம்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருமுறை ஒரு ஏஜென்சி ஒருவரை அறிமுகம் செய்துவிட்டால், அடுத்த ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் அவரை எந்தப் பதவிக்கு எடுத்தாலும் அந்த ஏஜென்சிக்குக் கட்டணம். வேலை தேடுபவர் யாருக்கும் இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. மார்ச்சில் ஒரு வேலைக்கு நிராகரிக்கப்பட்டவர் செப்டம்பரில் தானாகவே வேறொரு பதவிக்கு விண்ணப்பித்தால், அதே தகுதியுள்ள இன்னொருவர் கட்டணமில்லாமல் கிடைக்கும்போது இவரை எடுக்க உங்களுக்கு மனம் வராது. பேசாமலே அனுப்பும் ஏஜென்சிக்கு இந்தப் பிரிவு ஒரு பொன்முட்டை வாத்து. இருநூறு பெயரை உங்களிடம் கொட்டிவிட்டால், பிறகு அவர்கள் எந்த வழியாக வந்தாலும் பில் போடலாம். உரிமைக் காலத்தை அந்தக் காலியிடத்தோடு நிறுத்துங்கள், சம்மதக் கடிதம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள். காலியிடம் மூடினால் அன்றைக்கே எல்லா ஏஜென்சிக்கும் சொல்லிவிடுங்கள். மூடிய வேலைக்கு வாரக்கணக்கில் ரெஸ்யூம் சேர்த்துக்கொண்டிருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

ஏஜென்சி எண்ணிக்கையையும் குறைக்கலாம். ஒரு பதவிக்கு இரண்டு போதும், கிடைப்பதற்கு அரிய பதவி என்றால் மூன்று. அந்த இரண்டும் உரிமம் உள்ளவையா என்று பாருங்கள். 1981ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பவருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை. ‘ஏ’ உரிமம் உள்நாட்டு வேலைக்கு மட்டும். சிங்கப்பூருக்கு ஆள் அனுப்ப ‘பி’ அல்லது ‘சி’ வேண்டும். இதை வேலை தேடுபவர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் லேபர் ஆபீஸில் கேட்கலாம்.

வேலை தேடுபவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் சில வார்த்தை அவர்களுக்கு. இரண்டு மூன்று ஏஜென்சிகளோடு பழகுவதில் தப்பே இல்லை. “எங்களைத் தவிர யாரிடமும் பேசாதே” என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு காலியிடத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குமேல் கேட்பதற்கு அவருக்கு உரிமை கிடையாது. எல்லோருக்கும் ஒரே ரெஸ்யூம், ஒரே மின்னஞ்சல், ஒரே எண், மேலே சொன்ன நான்கு கட்டங்களுக்கான சம்பள எண்களும் ஒரே மாதிரி. ஒரு தாளில் தேதி, ஏஜென்சி, பேசியவர் பெயர், நிறுவனம், காலியிட எண், சொன்ன சம்பளம், கொடுத்த ஆவணம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். சரி சொல்வதற்கு முன் நிறுவனம் எது, பதவி நிரந்தரமா அல்லது ஏஜென்சியின் பேரோலில் (சம்பளப் பட்டியலில்) ஒப்பந்தமா என்று கேளுங்கள். ஒப்பந்தம் என்றால் இபிஎஃப், சொக்சோ கட்டப் போவது ஏஜென்சிதான். பிறகு நிறுவனத்திலேயே நிரந்தரமாகச் சேர என்ன தடை எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

நிறுவனப் பெயரைச் சொல்ல மறுத்தால், “பெயர் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம்” என்று எழுதி அனுப்பிவிடுங்கள். “வேறு எங்கே நேர்முகம் போகிறீர்கள்?” என்று அக்கறையாகக் கேட்பார்கள். உங்கள் பதிலில் அவர்களுக்குக் கிடைப்பது, ஆள் எடுத்துக்கொண்டிருக்கும் இன்னொரு நிறுவனத்தின் பெயர். போட்டிக்கு வேறு ஆளை அங்கே அனுப்ப அது போதும். “இரண்டு இடத்தில் பேச்சு நடக்கிறது, ஒன்று கடைசிச் சுற்றில்” என்று சொல்லலாம், பெயர் வேண்டாம். நற்சான்று தரும் மேலதிகாரிகளின் எண்ணும் அப்படித்தான், ஆஃபர் பேச்சு வரும்வரை கொடுக்காதீர்கள்.

ஒரே இடத்துக்கு இரண்டு முறை போய்விட்டது என்று தெரிந்தால் பேசாமல் இருக்காதீர்கள். இரண்டு ரெஸ்யூம் போனதால் வாய்ப்பு இரட்டிப்பாகாது. இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில், எந்தத் தேதியில் யாருக்குச் சம்மதம் கொடுத்தீர்கள் என்று சொல்லி, மற்றவரை விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சம்மதமே கேட்காமல் அனுப்பிய ஏஜென்சியானால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி உங்கள் தரவைப் பயன்படுத்தும் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் உங்கள் ரெஸ்யூமை அனுப்பினால் அது சட்ட மீறல்.

மறுபடி மனிதவளப் பிரிவினருக்கு. ஏஜென்சி ஒப்பந்தத்தைத் திருத்தச் சட்டப் பிரிவின் ஒப்புதல் வேண்டும், மாதக்கணக்காகும் என்பது எங்களுக்குத் தெரியும். இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போது திறந்திருக்கும் காலியிடங்களில் ‘டூப்ளிகேட்’ என்று குறித்து ஒதுக்கி வைத்த பெயர்களை எடுங்கள். ஒரு காலியிடத்துக்கு நான்கைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மேலே சொன்ன ஒரு கேள்வி மின்னஞ்சலை அனுப்புங்கள், பதில் சொல்ல மூன்று வேலை நாள் கொடுங்கள். பதில் வந்தவர்களை, நேர்முகத்துக்குக் காத்திருக்கும் மற்றவர்களோடு அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பினாங்கிலும் செபராங் பிறையிலும் வேலை தேடுவோருக்கு ரெஸ்யூம் சரிபார்த்துக் கொடுக்கும் முன்னாள் மனிதவள, ஏஜென்சி ஊழியர்கள் சிலர்